வேலியில் விழுந்த அடி

கலியாணம் முடித்து நான் வந்து சேர்ந்த வீடு பண்டத்தரிப்புக்குக் கிட்ட ஒரு தோட்டக்காரக் கிராமத்தில் இருந்தது. என் கணவர், இனி இவர் என்றே சொல்கிறேன், கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் மனேச்சர். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். வீட்டின் பின்னால் மிளகாயும் கத்தரியும் போட்ட சிறிய தோட்டம், ஒரு பசு, கிணற்றடியில் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர்ப் பம் ஒன்று. இவையெல்லாம் எங்களுடையவை. இவற்றுக்குக் கிழக்கே ஒரு வேலி. அது யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், வேலை பார்த்து இளைப்பாறியவர். வழக்குக் கட்டளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். தன் வாழ்நாளில் பெரும்பகுதியை, தன்னைக் கண்டு ஒருவரும் சந்தோஷப்படாத வாசல்களில் கழித்தவர். இளைப்பாறிய பிறகு எங்கள் வாசல் ஒன்றுதான் மிஞ்சியது. அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். இவரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார், கூப்பிடும் நாட்களில்.

அவர் செய்த தொல்லைகள் ஒன்றும் பெரியவை அல்ல. அதுதான் சிக்கல். பெரியதாக ஒன்றைச் செய்திருந்தால் ஊரிடம் சொல்லலாம். நான் உடுப்புத் தோய்த்துக் கொடியில் போடும் நேரம் பார்த்துக் குப்பை கொளுத்துவார். எங்கள் மாமரத்தின் கிளை தன் பக்கம் நீண்டால் அரிந்து, அரிந்த கிளையை எங்கள் பக்கம் போடுவார்; காய் மட்டும் அந்தப் பக்கம் நிற்கும். அவருடைய கோழிகள் எங்கள் கத்தரிக் கன்றுகளைக் கிளறும். சொன்னால், கோழிக்கு எல்லை தெரியாது, தெரிந்தவர்கள்தான் வேலி அடைக்க வேண்டும் என்பார். வேலி அடைப்பது யார் முறை என்று இரண்டு வருடமாகத் தகராறு. அதனால் பின்மூலையில் தென்னோலைக் கிடுகு உக்கி விழுந்து, ஊன்றிய கிளுவந் தடிகளான கதியால்கள் மட்டும் இடுப்பளவுக்கு நின்றன.

அவரோடு இவர் கதைக்காமல் விட்டதும் அந்தக் காலத்தில்தான். அவருடைய மனைவியை அக்கா என்பேன்; அவாவோடு மட்டும் நான் கிணற்றடியில் நின்று இரண்டு சொல் கதைப்பேன். அவா மெதுவாகக் கதைக்கிற மனுஷி. வேலிக்கு மேலால் தலை மட்டும் தெரியும்.

எண்பத்தாறாம் ஆண்டளவில் ஊரில் கள்ளர் பயம் வந்தது. பொலிஸ்காரர் ஸ்டேசனை விட்டு வெளியே வருவதில்லை. கோடும் இருந்தும் இல்லாத மாதிரி. யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாத காலம் அது. பொடியளிடம், ஆயுதம் தூக்கிய இயக்கக்காரரிடம், முறையிட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்த காலமும் அதுதான். ஆகவே அவரவர் வீட்டை அவரவர் காத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுப் பாதுகாப்பை இவர் பொறுப்பெடுத்தார். சங்கக்கடையில் சேர்ந்த வெறும் பால் தகரப் பேணிகளைக் கொண்டுவந்து, உள்ளே கூழாங்கல் போட்டு, வீட்டு வளவைச் சுற்றிக் கயிற்றில் கட்டினார். யாராவது கயிற்றில் இடறினால் சத்தம் வரும் என்பது திட்டம். சத்தம் நன்றாகவே வந்தது. காற்றுக்கு வந்தது, காகத்துக்கு வந்தது, பசு முதுகைச் சொறிந்தபோது வந்தது. சில நாளில் நாங்கள் அதைக் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

பிறகு ஒரு நாய். மண்ணிறம், நல்ல குரல். தபால்காரரைக் குரைத்தது, என் தம்பியைக் குரைத்தது, முதல் வாரம் இவரையே குரைத்தது. பக்கத்து வீட்டு அண்ணையைக் கண்டால் மட்டும் வாலை ஆட்டியது. அக்கா வேலியால் மீன் தலை போடுகிறா என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு கடதாசிச் சரையில் மிளகாய்த்தூளும் வைத்திருந்தோம், கள்ளன் கண்ணில் எறிவதற்கு. ஒருநாள் கறிக்குத் தூள் போதாமல் நான் அதை எடுத்துவிட்டேன். இவர் சாப்பிடும்போது உறைப்பு நல்லாயிருக்கு என்றார். நான் இன்னொரு அகப்பை போட்டேன்.

கடைசியாக ஒரு கொட்டன். பூவரசந் தடியை வெட்டி, தோலுரித்து, வெயிலில் காயவைத்து, வேப்பெண்ணெய் பூசினார். பின்னேரங்களில் வளவைச் சுற்றி வரும்போது கையில் வைத்திருப்பார். சங்கக்கடையில் சீனி நிறுப்பவருக்கு அது பொருந்தவில்லை. ஆனால் அதைப் பிடித்தபோது இவர் நிமிர்ந்து நடந்தது உண்மை.

சம்பவம் நடந்தது ஒரு மைம்மல் நேரம். வெளிச்சம் குறைந்திருந்தது, ஆள் தெரியாத அளவுக்கு இல்லை. நான் பசுவுக்கு வைக்கோல் எடுக்கப் பின்னால் போனேன். இவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், கொட்டனோடு. பின்மூலையில் வேலிக்கு மேலே ஒரு ஆள். ஒரு கால் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது, மற்றக் கால் கதியாலுக்கு மேலே. முதுகு எங்கள் பக்கம். இவர் ஓடிப்போய் அடித்தார். ஒரே அடி. வலப்பக்கத் தோளுக்குப் பின்னால் விழுந்தது.

ஆள் ஒரு சத்தமும் போடாமல் அந்தப் பக்கம் விழுந்தார். பிறகுதான், “ஐயோ, என்ரை தோள்” என்று கேட்டது. அது அண்ணையின் குரல்.

விசயம் இதுதான். அவருடைய கோழி ஒன்று எங்கள் வைக்கோல் குவியலுக்குள் முட்டையிடப் பழகியிருந்தது. அவர் பின்னேரங்களில் வேலி ஏறி வந்து முட்டையை எடுத்துக்கொண்டு போவாராம். பல நாளாக நடந்திருக்கிறது. பேணியும் நாயும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா ஓடிவந்து அவரைத் தூக்கினா. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தண்ணி கொண்டுவரட்டோ என்று கேட்டேன். அவா என்னைப் பார்த்துவிட்டு, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனா. இவர் கொட்டனைப் பிடித்தபடி நின்றார். கையை என்ன செய்வதென்று தெரியாதவர்போல நின்றார்.

அடுத்த நாள் அவர்களுடைய மருமகன் மானிப்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். கோபமான ஆள். பொடியளிடம் சொல்லப் போகிறேன் என்று எங்கள் வாசல் படலைக்கு முன்னால் நின்று உரத்துச் சொன்னான். அந்த நாட்களில் அப்படிப் போன முறைப்பாடுகள் எப்படி முடிந்தன என்று எல்லோருக்கும் தெரியும். இவர் உள்ளே கதிரையில் இருந்தார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இருந்தார், யாரோ வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதுபோல.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணையின் குரல் வந்தது. வலியில் முனகிக்கொண்டுதான் சொன்னார்.

“அங்கை போகவேண்டாம். அவங்களிட்டைப் போனால் தீர்ப்புத்தான் வரும், விசாரணை வராது. எனக்கு விசாரணை வேணும்.”

மருமகன் ஏதோ சொல்லிப் பார்த்தான். அவர் விடவில்லை. அதுவரை அந்த மனிதரைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, விசாரணையில் இவர் எப்படி மாட்டுப்படப் போகிறார் என்றும் நினைத்தேன்.

விசாரணை பிள்ளையார் கோயில் மடத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. ஊரின் பழைய விதானையார், ஒரு காலத்துக் கிராமத் தலைவர், நடுவில் இருந்தார். அரசாங்கம் அவருடைய பதவியை எப்போதோ எடுத்துவிட்டது, ஊர் எடுக்கவில்லை. பக்கத்தில் கோயில் தர்மகர்த்தா ஒருவரும் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரும். அண்ணை வெள்ளை நஷனல் சட்டை போட்டு, வலக்கையை மடித்துத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் இவரைக் கேட்டார்கள். மைம்மல் நேரம், ஊரில் கள்ளர், வேலியில் ஒரு ஆள், கள்ளன் என்று நினைத்து அடித்தேன் என்று இவர் சொன்னார். மடத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் வீடுகளிலும் ஆளுக்கொரு கொட்டன் இருந்தது.

பிறகு முட்டை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்தது. அண்ணை, கோழி எவருடையதோ முட்டையும் அவருடையது என்றார். தர்மகர்த்தா, வைக்கோல் எவருடையதோ அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்றார். இது கொஞ்ச நேரம் போனது. கடைசியில் விதானையார், முட்டையை இப்ப விடுவம் என்றார்.

அப்போது அண்ணை எழுந்து, சாட்சியை விசாரிக்கத் தனக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டார். முறைப்பாட்டுக்காரரே விசாரிப்பது எந்தக் கோட்டிலும் இல்லை என்று தலைமை ஆசிரியர் சொன்னார். இது கோடு இல்லையே என்றார் அண்ணை. விதானையார் கேளும் என்று கையைக் காட்டினார். சாட்சி நான்தான்.

“பிள்ளை, நீர் சம்பவத்தைக் கண்ணாலை கண்டனீரோ?”

“ஓம்.”

“நான் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான்?”

“உங்கடை வீட்டுப் பக்கம்.”

“என்ரை கால்?”

“ஒண்டு உங்கடை வளவுக்கை. மற்றது கதியாலுக்கு மேலை.”

“கையிலை ஆயுதம் ஏதும்?”

“முட்டை.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு இருந்தார். நான் இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விதானையார் கொஞ்ச நேரம் வெற்றிலை மடித்தார். பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி, உள்ளுக்கை வாறவனை அடிச்சால் அது காவல். போறவனை அடிச்சால் அது கோவம். அடி முதுகிலை விழுந்திருக்கு.”

அண்ணைக்கும் விழுந்தது. அடுத்தவன் வளவுக்குள் சொல்லாமல் ஏறி இறங்கினது பிழை, எத்தனை நாள் இறங்கினாலும் பிழைதான் என்றார். தீர்ப்பு இரண்டு. தோள் சுகமாகும்வரை முறிவு வைத்தியரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வருவது இவருடைய பொறுப்பு. இனிமேல் ஒருவர் வளவுக்குள் மற்றவர் காலடி வைப்பதென்றால், வேலியடியில் நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். பதில் வந்தால்தான் வரலாம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து நான் புட்டு அவித்தேன். இவர் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

“நீ எனக்கு எதிராச் சாட்சி சொன்னனி.”

“நான் கண்டதைச் சொன்னனான்.”

இவர் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

“கள்ளன் எண்டு நினைச்சு அடிக்கேல்லை. அவரெண்டு தெரிஞ்சுதான் ஓடினனான். கை நிக்கேல்லை.”

சங்கக்கடையில் ஒரு பிடி அரிசி கூடக் குறைய நிறுக்காத மனிதர். யாரோடும் உரத்துக் கதைத்து நான் கண்டதில்லை. எனக்கு இவரில் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அடி கொஞ்சம் மேலே, தலையில் விழுந்திருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. இவருக்கும் அது முன்னமே வந்திருக்க வேண்டும். அடித்த நாளிலிருந்து இவர் இரவில் நித்திரை கொள்ளாமல் புரண்டதன் காரணம் அதுதான். நான் மூலையில் சாத்தியிருந்த கொட்டனை எடுத்து அடுப்பில் வைத்தேன். எண்ணெய் ஊறிய தடி, நன்றாக எரிந்தது. இவர் நின்று பார்த்தார். அடுப்பு தணிந்தபோது இவரே குனிந்து கட்டையை உள்ளே தள்ளிவிட்டார்.

முறிவு வைத்தியர் காங்கேசன்துறை வீதியால் போக வேண்டிய ஒரு ஊரில் இருந்தார். இவர் சைக்கிளை மிதிக்க, அண்ணை பின்னால் கரியரில் ஒரு பக்கமாக இருந்து போவார். ஊர் நின்று பார்த்தது. வைத்தியர் தொட்டுப் பார்த்து, முறிவில்லை, நெரிவு, எண்ணெய் போட்டுக் கட்டினால் சரியாகும் என்றாராம். ஆனால் ஒருநாள் போய் முடிகிற விசயமில்லை.

முதல் சில பயணங்களில் ஒரு சொல்லும் இல்லை. பிறகு, “தம்பி, பள்ளம்” என்று மட்டும் அண்ணை சொல்லுவாராம். பிறகு வழியில் தெரிகிற வேலிகளைப் பற்றிக் கதை வந்தது. எந்த வேலி ஒழுங்காக அடைத்திருக்கிறது, எந்த வேலியால் எந்தக் காலத்தில் வழக்கு நடந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். வீதியின் இரண்டு பக்கமும் அவர் கட்டளை கொடுத்த வீடுகள். சிலர் இன்னமும் அவரைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்கள் என்று இவர் வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது இவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

ஒருநாள் திரும்பி வரும்போது அரசாங்கப் படையின் ஹெலிகொப்டர் வந்து சுட்டது. இரண்டு பேரும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு மதகுக்குள் புகுந்தார்கள். அண்ணையின் கட்டுப்போட்ட தோள் சீமெந்தில் இடிபடாமல் இருக்க, இவர் தன் கையை இடையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். ஹெலி போன பிறகு வெளியே வந்து, சைக்கிளின் செயினைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியைப் பார்த்தார்கள். இதை எனக்குச் சொன்னது அக்கா. முழங்கை உரசல் எப்படி வந்தது என்று அன்றைக்கு நான் கேட்டதற்கு, இவர் மதகு என்று மட்டும்தான் சொன்னார்.

தோள் சுகமாகி, பயணம் நின்றது. அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல ஆசை. ஆகவில்லை. எங்கள் வெள்ளைத் துணிகளில் புகை மணம் மறுபடி வந்தது. ஆனால் வேலியை இரண்டு பேரும் சேர்ந்து அடைத்தார்கள், ஆளுக்குப் பாதி. பாதி எங்கே வருகிறது என்று கயிறு பிடித்து அளந்தார்கள். அளந்தபோது சண்டை வரவில்லை. அதை நான் பெரிய முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நான் பள்ளிக்கூடத்திலும் இவர் சங்கக்கடையிலும் இருந்த நேரம், பட்டப்பகலில் எங்கள் பம்மைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வந்து பார்த்தபோது கிணற்றடியில் எண்ணெய்க் கறையும் நாலு ஆணித் துளையும்தான் இருந்தன. நாய் நிழலில் படுத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணை நின்றார், எனக்காகக் காத்திருந்தவர்போல.

இரண்டு பேர் வந்தார்களாம். ஒரு சைக்கிள், ஸ்பனர்ச் சாவிகள் போட்ட ஒரு பை. அவர் சத்தம் கேட்டு வேலியடிக்கு வந்து மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார், தம்பி வீட்டிலையோ, தம்பி வீட்டிலையோ, தம்பி வீட்டிலையோ என்று. வந்தவர்களில் ஒருவன் திரும்பி, தம்பி இல்லை ஐயா, பம் பழுது, திருத்தக் கொண்டுபோறம் என்று சொன்னானாம். மரியாதையாகக் கதைத்தார்கள் என்றார். கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, படலையையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இவர் வந்ததும் அண்ணை முழுவதையும் மறுபடி சொன்னார். உயரம், சேர்ட்டின் நிறம், சைக்கிள் எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒன்றும் விடாமல் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு இவர் சொன்னார்.

“அண்ணை, வேலியாலை ஏறி வந்திருக்கலாமே.”

“தீர்ப்பு இருக்குத் தம்பி. மூண்டு தரம் கூப்பிட்டனான். உம்மிட்டை இருந்து பதில் வரேல்லை.”

அவர் நையாண்டி பண்ணவில்லை. அவருடைய முகத்தை நான் பார்த்தேன். ஒப்புக்கொண்ட ஒன்றை ஒழுங்காகச் செய்து முடித்த ஆளின் முகம். செய்ததால் நடந்ததை நினைத்து உள்ளுக்குள் அரித்துக்கொண்டும் இருந்தது. அவருடைய இடக்கை வலத்தோளைத் தடவிக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்தார். பிறகு, சரி அண்ணை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, கழற்றாமல் விட்டுப்போன குழாய்களைப் போய்ப் பார்த்தார். பேணிக் கயிற்றை அன்றைக்கே அறுத்துவிட்டார்.

பம் இல்லாமல் மிளகாய்க் கன்றுகள் வாடத் தொடங்கின. வாளியால் அள்ளி ஊற்றி எவ்வளவைக் காப்பாற்றுவது? மூன்றாவது நாள் விடிய, வேலியடியில் நின்று யாரோ கூப்பிட்டார்கள், மூன்று தரம். இவர் வெளியே போய்ப் பதில் சொன்னார். தன் பம்மால் ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் கன்றுகளுக்கும் இறைக்கலாம், எண்ணெய் எங்களுடையது, வாய்க்கால் வேலிக்குக் கீழால் வர வேண்டும் என்றார் அண்ணை. வாய்க்காலுக்காக வேலியைத் திறந்தால் அது பாதை ஆகிவிடுமா என்ற கேள்வியை அவரே எழுப்பி, ஆகாது என்று அவரே பதிலும் சொன்னார். இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பின்மூலையில் இரண்டு கதியாலைப் பிடுங்கி, குனிந்தால் ஆள் வரக்கூடிய ஒரு பொட்டு, வேலியில் ஒரு இடைவெளி, வந்தது. அதற்குக் கீழால் தண்ணீர் வந்தது.

ஆண்கள் இரண்டு பேரும் அந்தப் பொட்டால் ஒருநாளும் வரவில்லை. ஏதும் அலுவல் என்றால் வீதியால் சுற்றி வந்து படலையில் நின்று கூப்பிட்டார்கள். அக்கா மட்டும், முதல் நாள் தண்ணீர் பாய்ந்து முடிந்ததும், சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தா. இவ்வளவு வருடத்தில் எங்கள் வளவுக்குள் அவா கால் வைத்தது அதுதான் முதல் தரம். கிணற்றைப் பார்த்தா, மாட்டுக்கொட்டிலைப் பார்த்தா. பிறகு திரும்பி நின்று தன்னுடைய வீட்டைப் பார்த்தா.

“எங்கடை வீடு இஞ்சை நிண்டு பாக்க இவ்வளவு கிட்டவோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப நாங்கள் கதைக்கிறது கேக்குமோ?”

“கேக்கும்.”

நான் தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். போடு பிள்ளை, சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிணற்றின் சுற்றுக்கட்டில் தன்னுடைய வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா.